இரட்சிப்பு வீட்டுக்குள் வந்தபின்: புது விசுவாசிக்கு முதல் ஆண்டு வழிகாட்டி

கூட்டத்தில் கண்ணீரோடு ஜெபித்து, "நான் இரட்சிக்கப்பட்டேன்" என்று சொன்னவருக்குப் பெரும்பாலும் இரண்டே ஆலோசனை கிடைக்கும்: தினமும் வேதம் வாசியுங்கள், ஆராதனைக்குத் தவறாமல் வாருங்கள். இரண்டும் சரிதான். ஆனால் திங்கட்கிழமை காலை கடையைத் திறக்கும்போது, தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டி வைத்திருக்கும் காந்தத்தை என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. அந்தத் திங்கட்கிழமைக்குத்தான் இந்தக் கட்டுரை.

லூக்கா 19-ஆம் அதிகாரத்தில் எரிகோவின் ஆயக்காரர் (வரி வசூலிப்பவர்கள்) தலைவன் சகேயுவைப் பார்க்கிறோம். மரத்தில் ஏறியிருந்தவனை இயேசு பெயர் சொல்லி இறங்கச் சொன்னார், அவன் வீட்டுக்கே வந்தார். அங்கே சகேயு எழுந்து நின்று கணக்குச் சொன்னான்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது நாலத்தனையாய், அதாவது நான்கு மடங்காய்த் திரும்ப. "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று இயேசு சொன்னது அந்தக் கணக்கைக் கேட்டபிறகு. பரலோகம் பற்றிய பேச்சே அந்தப் பகுதியில் இல்லை. பணம், வீடு, ஊர்க்காரர்கள் முறுமுறுத்தது, இவ்வளவுதான்.

வரிசையை மட்டும் மாற்றிவிடக் கூடாது. இயேசு வீட்டுக்கு வருவதாகச் சொன்னது முதலில், பணம் திரும்பியது பிறகு. எபேசியர் 2-ஆம் அதிகாரம் 8, 9 வசனங்கள் கிருபையினாலே இரட்சிப்பு, கிரியைகளினால் அல்ல என்கின்றன. 10-ஆம் வசனம் நற்கிரியைகளுக்காகவே சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது. நம் ஊர் மேடைகளில் 8-ஐயும் 9-ஐயும் மனப்பாடமாய்ச் சொல்கிறவர்கள் 10-க்கு வருவதற்குள் ஆசீர்வாத ஜெபம் தொடங்கிவிடுகிறது. கீழே சொல்லும் எதையும் இரட்சிப்பைச் சம்பாதிக்கச் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் மூன்றே மாதத்தில் பெருமையோ சோர்வோ வந்து நிற்கும்.

முதல் வாரம்: ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். அமைதியான ஒரு மாலையில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பக்கத்தை நான்கு பத்தியாகக் கோடு போட்டு இப்படி எழுதுங்கள்: யாருக்கு, என்ன செய்தேன், திருப்பிக் கொடுக்க முடியுமா, இதைச் சொன்னால் வேறு யாருக்காவது அடிபடுமா.

நான்காவது பத்தியைப் பலர் விட்டுவிடுவார்கள், அதனால்தான் சிக்கல் வருகிறது. பழைய தவறான உறவு ஒன்றைச் 'சரிசெய்ய' நினைத்து, இப்போது குடும்பத்தோடு இருக்கும் பெண்ணுக்கு ஒருவர் கடிதம் எழுதுவார். எழுதியவர் மனம் லேசாகும், அந்த வீட்டில் நெருப்புப் பற்றும். அப்படிப்பட்ட காரியத்தைத் தேவனிடமும், ரகசியம் காக்கத் தெரிந்த ஒரு மூத்த விசுவாசியிடமும் அறிக்கையிட்டு அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எழுதும்போது 'பலருக்குத் துரோகம் செய்தேன்' என்று பொதுவாய் எழுதாதீர்கள். பெயர், ஆண்டு, தொகை எழுதுங்கள். நினைவில்லாத தொகைக்கு மதிப்பீடு போடுங்கள், சந்தேகம் வந்தால் கொஞ்சம் கூட்டியே போடுங்கள். நோட்டைப் பூட்டி வையுங்கள். மொபைலில் எழுத வேண்டாம். பிள்ளைகள் கையில் இருக்கும் கருவியில் இந்தப் பட்டியல் இருக்கக் கூடாது.

பட்டியல் நீளமாக இருந்தால் சிலருக்கு மூச்சு முட்டும். அத்தனையையும் ஒரே மாதத்தில் தீர்க்கச் சொல்லவில்லை. சிறியதும் எளியதுமான மூன்றை முதலில் முடியுங்கள்.

பணம்

புது விசுவாசி அதிகம் தள்ளிப்போடுவது இதைத்தான். அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

எவ்வளவு திருப்ப வேண்டும்? லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தில் அளவு இருக்கிறது. ஏமாற்றி எடுத்ததை மனமுணர்ந்து திருப்புகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும், அதுவும் பலி செலுத்தும் அதே நாளில். அதாவது 10,000 எடுத்திருந்தால் 12,000. ஆட்டைத் திருடி விற்றவனுக்கு யாத்திராகமம் 22:1 நாலத்தனை என்கிறது, மாட்டுக்கு ஐந்தத்தனை. தானாய் முன்வந்த சகேயு ஐந்தில் ஒரு பங்கு கூட்டியிருந்தாலே நியாயப்பிரமாணத்துக்குப் போதும். அவன் திருடனுக்குரிய அளவைத் தன்மேல் போட்டுக்கொண்டான். நீங்கள் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து தொடங்குங்கள். அதற்குமேல் உங்கள் மனமும் கையிருப்பும்.

எப்படிச் சொல்வது? மூன்று வாக்கியம் போதும். "நான் உங்கள் கடையில் வேலை பார்த்தபோது கல்லாவிலிருந்து அவ்வப்போது பணம் எடுத்தேன். நினைவில் இருக்கிற கணக்கு 8,000 ரூபாய், அதோடு சேர்த்து 9,600 கொண்டு வந்திருக்கிறேன். என்னை மன்னிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்." அதோடு நிறுத்துங்கள். 'அப்போது சம்பளம் குறைவு', 'முத்துவும் கூடத்தான் எடுத்தான்' என்று ஒரு வார்த்தை சேர்த்தாலும் மன்னிப்பு வாதாட்டமாக மாறிவிடும். கையோடு சுவிசேஷப் பிரதியையும் நீட்டாதீர்கள். 'ஏன் இதைச் செய்கிறாய்' என்று அவரே கேட்டால் சொல்லுங்கள், பெரும்பாலும் கேட்பார்.

அவர் திட்டலாம், பணத்தை வாங்க மறுக்கலாம், போலீசுக்குப் போவேன் எனலாம். மூன்றுக்கும் தயாராய்ப் போங்கள். கிரிமினல் வழக்காக வாய்ப்புள்ள பெரிய காரியமானால் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது விசுவாசக் குறைவு ஆகாது.

உரியவர் இறந்துவிட்டால் வாரிசிடம் கொடுங்கள். வாரிசும் இல்லையென்றால் எண்ணாகமம் 5:8-ன்படி அது கர்த்தருக்குரியது. ஆனால் வாரிசைத் தேடாமலேயே காணிக்கைப் பெட்டியில் போடுவது நாம் கண்டுபிடித்த குறுக்குவழி. சபைக்குக் கொடுத்தால் பெயரும் கிடைக்கும், முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதும் இல்லை, அதனால்தான் அது இனிக்கிறது.

ரயிலில் டிக்கெட் இல்லாமல் போனதற்கு, அதே தூரத்துக்கு ஒரு டிக்கெட் வாங்கிப் பயணம் செய்யாமல் கிழித்துப் போடலாம். பணம் ரயில்வேக்குப் போய்விடும். மறைத்த வருமான வரிக்கு முறையான வழியே இருக்கிறது. 2022-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 'புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்ன்' தாக்கல் செய்யும் வசதியைக் கொண்டுவந்தது. முதலில் இரண்டு ஆண்டாக இருந்த அவகாசம் 2025 ஏப்ரல் முதல் நான்கு ஆண்டு. தாமதத்தைப் பொறுத்து, வரியோடும் வட்டியோடும் 25, 50, 60, 70 விழுக்காடு கூடுதல் வரி கட்ட வேண்டும். லேவியராகமத்தின் 20 விழுக்காடு இதற்கு எவ்வளவோ மேல் என்று தோன்றும். ரெய்டோ விசாரணையோ தொடங்கிவிட்டால் இந்த வழி அடைபடலாம் என்பதால் ஆடிட்டரைச் சீக்கிரம் பாருங்கள்.

வட்டிக்கு விடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு கணக்கு. நூற்றுக்குப் பத்து வட்டியில் 50,000 கொடுத்திருக்கிறீர்கள், வாங்கியவர் மாதம் 5,000 வீதம் 14 மாதம் கட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 70,000. ஆண்டுக்கு 12 விழுக்காடுதான் நியாயமென்றால் மாதம் 500, பதினான்கு மாதத்துக்கு 7,000. மீதி 63,000-ல் அசல் 50,000 தீர்ந்துபோனது, 13,000 நீங்கள் அவருக்குத் தர வேண்டியது. புரோநோட்டைத் திருப்பிக் கொடுங்கள், வெற்றுக் காசோலைகளையும் சேர்த்து. தமிழ்நாட்டில் அதீத வட்டி 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். 'இனிமேல் வட்டி வாங்க மாட்டேன், பழையது வசூலாகட்டும்' என்பது மனந்திரும்புதல் ஆகாது.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் கடனை மறக்காதீர்கள். மனைவியிடம் கேட்காமல் வைத்த நகையின் அடகுச் சீட்டு பீரோவில் எங்காவது இருக்கும். அதை எடுத்து அவர் கையில் கொடுத்து, எந்த மாதத்தில் மீட்பேன் என்று தேதி சொல்லுங்கள். கல்யாணத்தில் கேட்டு வாங்கிய ரொக்கமும் இந்தப் பட்டியலில்தான் வரும். 1961-லிருந்தே வரதட்சணை சட்டப்படி குற்றம், சபையில் வைத்துக் கைமாறினாலும் அப்படித்தான்.

இதில் வழக்கமாய்க் கெட்டுப்போவது மூன்று இடங்களில். கடன் வாங்கித் திருப்பிக் கொடுப்பது: ஒருவருக்கு நியாயம் செய்து இன்னொருவரிடம் மாட்டிக்கொள்வீர்கள். தவணை கேளுங்கள், எழுதிக் கொடுங்கள், தேதி தவறாதீர்கள். வீட்டில் சொல்லாமல் கொடுப்பது: பள்ளிக் கட்டணத்துக்கு வைத்த பணம் போய்விட்டது என்று பிறகு தெரிந்தால், வீட்டார் உங்கள் இரட்சிப்பையே வெறுப்பார்கள். கடைசியாக, கொடுப்பதற்கு முன்பே சபையில் எழுந்து 'எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்கப் போகிறேன்' என்று அறிவிப்பது. அறிவித்தவர்களில் கொடுத்து முடித்தவர்கள் குறைவு.

வேலையை விட வேண்டுமா?

லூக்கா 3-ல் யோவான் ஸ்நானனிடம் மூன்று கூட்டத்தார் 'நாங்கள் என்ன செய்ய வேண்டும்' என்று கேட்டார்கள். ஆயக்காரரை வேலையை விடச் சொல்லவில்லை, கட்டளையிட்டதற்கு அதிகமாய் வாங்காதீர்கள் என்றார். போர்ச்சேவகரிடம், ஒருவருக்கும் இடுக்கண் செய்யாமலும் பொய்யாய்க் குற்றஞ்சாட்டாமலும் "உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள்" என்றார். இரண்டு அங்கி உள்ளவன் ஒன்றைக் கொடுக்கட்டும் என்றது எல்லோருக்கும்.

ஆகவே பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருப்பவர் ராஜினாமாக் கடிதம் எழுதுவதற்கு முன் லஞ்சக் கவரை மறுத்துப் பார்க்க வேண்டும். முதல் மாதம் சக ஊழியர்கள் சிரிப்பார்கள். பங்கு குறைகிறதென்று பிறகு கோபிப்பார்கள், இடமாற்றமும் வரலாம். தொழிலே தவறாக இருந்தால், சாராயம் விற்பது, கள்ள லாட்டரி போன்றவை, விடத்தான் வேண்டும். அப்போது சபை வெறும் கைதட்டலோடு நின்றுவிடாமல் ஆறு மாத அரிசிக்காவது வழி செய்ய வேண்டும். செய்யாத சபை அவரைப் பழைய தொழிலுக்கே துரத்துகிறது.

களைவது, தரிப்பது

எபேசியர் 4-ல் பவுல் ஒரு பழக்கத்தை எப்படி மாற்றுவது என்று வரிசையாகக் காட்டுகிறார். பொய்யைக் களைந்து மெய்யைப் பேசுங்கள், நாம் ஒருவருக்கொருவர் அவயவங்கள். கெட்ட வார்த்தை வேண்டாம், கேட்கிறவர்களுக்குப் பிரயோஜனமானதைப் பேசுங்கள். ஒன்றை விடுவது, அந்த இடத்தில் இன்னொன்றை வைப்பது, ஏன் என்பதற்கு ஒரு காரணம். திருடனைப் பற்றிய 28-ஆம் வசனத்தில் இது இன்னும் கூர்மை: திருடுவதை நிறுத்தினால் மட்டும் அவன் மாறிவிடவில்லை. கையால் உழைத்து, குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கும் நிலைக்கு வர வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரே பழக்கத்தை எடுத்து ஆறு வாரம் வேலை செய்யுங்கள். பொய் என்றால் முதலில் தொலைபேசிப் பொய். 'பக்கத்துலதான் இருக்கேன், வந்துட்டே இருக்கேன்' என்று வீட்டிலிருந்தே சொல்வது. அதற்குப் பதில் 'இன்னும் கிளம்பவில்லை, நாற்பது நிமிடம் ஆகும்' என்று சொல்லிப் பழகுங்கள். பொய் சொல்லிவிட்டால் ஐந்து நிமிடத்துக்குள் திரும்ப அழைத்துத் திருத்துங்கள். அந்த இரண்டாவது அழைப்பின் வெட்கம்தான் நாக்கைப் பழக்குகிறது. கஞ்சத்தனம் என்றால் தென் மாவட்டச் சபைகளின் கைப்பிடி அரிசி வழக்கம் நல்ல தொடக்கம்: உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு கைப்பிடியைத் தனிப் பானையில் போட்டு, மாதக் கடைசியில் கொடுத்துவிடுவது. சம்பளம் இல்லாத வீட்டுப் பெண்களாலும் முடியும் என்பதுதான் அதன் அழகு.

கோபத்துக்கு வேதமே நேரம் குறித்திருக்கிறது: சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன். விளக்கு வைக்கும் நேரத்தை எல்லையாக வைத்துக்கொண்டு, அதற்குள் போய்ப் பேசிவிடுங்கள். கோபம் முழுதாய்த் தணியாவிட்டாலும் 'இன்னும் வருத்தம் இருக்கிறது, ஆனால் உன்னிடம் பேசாமல் படுக்க விரும்பவில்லை' என்று சொல்லலாம்.

குடி வேறு விதம். பல ஆண்டுகள் தினமும் அதிகமாய்க் குடித்தவர் ஜெபத்துக்குப் பின் ஒரே நாளில் நிறுத்தினால், முதல் இரண்டு மூன்று நாட்களில் கை நடுக்கம், வலிப்பு, இல்லாததைப் பார்த்துப் புலம்புவது எல்லாம் வரலாம், உயிருக்கே ஆபத்து. அதைப் 'பிசாசின் போராட்டம்' என்று அறைக்குள் பூட்டி வைத்து ஜெபிக்கும் வழக்கம் கொடியது. நிறுத்தும் முடிவை எடுத்த அன்றே அரசு மருத்துவமனையின் போதை மீட்புப் பிரிவுக்குப் போங்கள். 14446 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணில் வழி கேட்கலாம். மனநல மாத்திரை, சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இரட்சிக்கப்பட்டேன் என்று அதை நிறுத்தக் கூடாது. சொஸ்தமானால் மருத்துவரே நிறுத்துவார்.

வீட்டார்

உங்கள் மாற்றத்தை முதலில் பார்க்கிறவர்களும் கடைசியில் நம்புகிறவர்களும் வீட்டார்தான். எத்தனையோ தீர்மானங்களைப் பார்த்தவர்கள் அவர்கள்.

வீட்டில் நீங்கள் மட்டும் விசுவாசத்துக்கு வந்திருந்தால் முதல் ஆறு மாதம் பிரசங்கம் வேண்டாம். அவிசுவாசியான கணவரோடு வாழும் மனைவிக்கு 1 பேதுரு 3:1 சொல்வதே 'போதனையின்றி', நடக்கையினால் ஆதாயப்படுத்து என்பதுதான். அம்மாவின் பூஜை அறையில் கை வைக்காதீர்கள். அது உங்கள் வீடு அல்ல, அவர் வீடு. விக்கிரகத்தைத் தூக்கி எறிந்த கதைகள் மேடையில் நன்றாக ஒலிக்கும். பத்து ஆண்டுக்கு அந்த வீட்டில் இயேசுவின் பெயரைச் சொல்ல முடியாமல் போவது மேடைக்கு வராது. பூஜையில் நீங்கள் பங்கெடுக்க முடியாததை மெதுவாக, ஒரு முறை, தனியே சொல்லுங்கள். அதே நாளில் தண்ணீர் பிடிப்பது, மின்கட்டணம் கட்டுவது, பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது எல்லாம் முன்பைவிட அதிகமாய் நடக்கட்டும்.

பெற்றோராக இருந்தால் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பதை விட்டுவிடாதீர்கள். 'நேற்று உன்னை மற்றக் குழந்தைகள் முன்னால் கழுதை என்று திட்டினேன், அது தவறு, மன்னித்துவிடு' என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். நம் வழக்கத்தில் அப்பா மன்னிப்புக் கேட்பதில்லை, ஒரு கிலோ ஆப்பிள் வாங்கி வருவார். ஆப்பிளும் வரட்டும், வார்த்தையும் வரட்டும்.

அடிபட்டவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கணவர் கையால் அடி வாங்குகிற பெண்ணிடம் 'நீ இரட்சிக்கப்பட்டவள், மன்னித்துத் திரும்பிப் போ' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மன்னிப்பது வேறு, அதே அறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வது வேறு. 181 பெண்கள் உதவி எண். அடித்தவர்தான் இரட்சிக்கப்பட்டேன் என்கிறாரா? அவர் மாறியதை அவள் சொல்ல வேண்டும், போதகர் அல்ல.

தனியாக முடியாது

1738 மே 24 மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில், பிறகு மெதடிஸ்ட் இயக்கத்தை நடத்திய ஜான் வெஸ்லி தன் நெஞ்சம் அனல்கொண்டதை உணர்ந்தார். எல்லோருக்கும் தெரிந்தது அது. நமக்கு அதிகம் உதவுவது 1742-ல் பிரிஸ்டல் நகரத்தில் நடந்தது. கூட்டம் நடத்தும் கட்டடத்தின் கடனை அடைக்க, பன்னிரண்டு பேருக்கு ஒரு பொறுப்பாளர் வைத்து, வாரம் ஆளுக்கு ஒரு பென்னி வசூலிக்க ஏற்பாடு செய்தார்கள். வீடு வீடாய்ப் போன பொறுப்பாளர்கள், இவர் குடிக்கிறார், அவர் வீட்டில் சண்டை என்று பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். கடன் வசூலுக்கு வைத்த ஏற்பாடே ஆத்துமாக்களைக் கவனிக்கும் ஏற்பாடாக மாறியது. மறு ஆண்டு வெஸ்லி எழுதிய பொது விதிகள் மூன்று தலைப்பில் அடங்கின: தீமை செய்யாதே, நன்மை செய், தேவன் ஏற்படுத்திய ஒழுங்குகளில் நில். சேர வருகிறவர்களிடம் வரப்போகும் கோபத்துக்குத் தப்பும் விருப்பம் ஒன்றைத்தான் கேட்டார்கள். சேர்ந்தபின் அந்த விருப்பம் வாழ்க்கையில் தெரிய வேண்டும்.

பன்னிரண்டு பேர் இன்று கிடைக்க மாட்டார்கள். மூன்று அல்லது நான்கு பேர் போதும். ஆண்கள் ஆண்களோடு, பெண்கள் பெண்களோடு. வாரம் ஒரு முறை, ஒரு மணி நேரம், டீயோடு முடியட்டும், பிரியாணி ஆரம்பித்தால் கூட்டம் கெடும். கேள்விகள் நான்கு: கடந்த வாரம் எங்கே விழுந்தாய்? யாருக்கு நன்மை செய்தாய்? நோட்டில் எந்த வரி தீர்ந்தது? இந்த வாரம் எதற்கு ஜெபிக்க? யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு ஜெபிக்கச் சொல்கிறது, அதனால் பொறுப்பாளரும் அதே நான்குக்குப் பதில் சொல்ல வேண்டும். கேட்பவராக மட்டும் ஒருவர் இருந்தால் அந்தக் குழுவை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இங்கே கெட்டுப்போவது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில். "சகோதரருக்காக ஜெபியுங்கள், பழைய பாவத்தில் மறுபடி விழுந்துவிட்டார்" என்று ஜெபக் குறிப்பாகவே ரகசியம் ஊருக்குப் போகும். குழுவில் கேட்டது குழுவில் நிற்கட்டும். விதிவிலக்கு ஒன்றுண்டு: குழந்தைக்குத் தீங்கு நடக்கிறது என்று தெரிந்தால் ரகசியம் காக்கக் கூடாது, 1098-க்குச் சொல்ல வேண்டும். குழுவுக்குள் கடன் கொடுக்கல் வாங்கல், சீட்டுப் பிடிப்பது, மருந்து வியாபாரத்தில் ஆள் சேர்ப்பது மூன்றுக்கும் தடை போடுங்கள்.

வேதமும் ஜெபமும்

இதைப் பற்றி எல்லோரும் சொல்வதால் சுருக்கமாய். ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் நிற்காதீர்கள். மாற்கு 16 அதிகாரம், எபேசியர் 6, யாக்கோபு 5, 1 யோவான் 5: நாளுக்கொன்று வாசித்தால் ஒரு மாதம், இரண்டு நாள். வாசித்ததில் அன்றைக்குச் செய்யக்கூடிய ஒன்றை நோட்டின் பின்பக்கத்தில் எழுதுங்கள். இராத்திரி செய்தேனா என்று பாருங்கள். ஜெபம் முதலில் பத்து நிமிடம். ஒரு மணி நேரத்தில் தொடங்குகிறவர் பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில் விட்டுவிடுகிறார்.

சாதி

இதை இங்கே எழுதாவிட்டால் நம் ஊரில் எழுதியதாக ஆகாது. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாட்டைத் திட்டவட்டமாக, உடனடியாக, முற்றிலுமாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரிய எதிர்ப்பு. அன்றைக்கு அதை எதிர்த்தவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான், பாட்டுப் பாடத் தெரிந்தவர்கள்தான்.

உங்கள் முதல் ஆண்டில் செய்யக்கூடியது: வேறு சாதி விசுவாசியின் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், உங்கள் வீட்டிலும் அதே தட்டில் சாப்பாடு போடுங்கள். 'நம்ம ஆளுங்க' என்ற பேச்சில் சேராதீர்கள். கல்யாண வயதில் பிள்ளைகள் இருந்தால், வரன் தேடும் விளம்பரத்தில் 'இரட்சிக்கப்பட்ட' என்ற வார்த்தைக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரைப் போடும் வழக்கத்தை உங்கள் வீட்டோடு நிறுத்துங்கள். பணம் திருப்புவதைவிடப் பலருக்கு இது கடினம். சபையில் பாராட்டும் கிடைக்காது.

மறுபடி விழும்போது

விழுவீர்கள். அப்போது இரண்டு தவறான முடிவுகள் காத்திருக்கும்: 'நான் இரட்சிக்கப்படவே இல்லை' என்பது ஒன்று, 'கிருபை இருக்கிறதே, பரவாயில்லை' என்பது மற்றொன்று. 1 யோவான் 2:1 இரண்டையும் மறுக்கிறது. பாவம் செய்யாதபடிக்கு எழுதுகிறேன் என்கிறார் யோவான். அடுத்த மூச்சில், ஒருவன் பாவம் செய்தால் பிதாவினிடத்தில் பரிந்துபேசுகிறவர் நமக்கு உண்டு என்கிறார். இரட்சிக்கப்பட்டிருப்பவர்களையே பவுல் 1 கொரிந்தியர் 1:18-ல் 'இரட்சிக்கப்படுகிற' நாம் என்று அழைக்கிறார், வேலை நடந்துகொண்டிருக்கிறது. பிலிப்பியர் 2-ல் பயத்தோடும் நடுக்கத்தோடும் பிரயாசப்படுங்கள் என்றவர், விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே என்று கூடவே சொல்லிவிடுகிறார்.

செய்ய வேண்டியது: அன்றே அறிக்கையிடுங்கள், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் குழுவில் ஒருவருக்குச் சொல்லுங்கள், விழுந்த இடத்தையும் நேரத்தையும் எழுதுங்கள். நான்கு முறை எழுதினால் முறை தெரியும்: சம்பள நாள் இரவு, மனைவி ஊருக்குப் போன வாரம், தூக்கம் வராத ஒரு மணி. அடுத்த சம்பள நாளில் யாரோடு இருப்பது என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம்.

ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும் ஒரு சோதனை. கலாத்தியர் 5:22-23-ன் ஒன்பதையும் எழுதுங்கள்: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். நீங்களே மதிப்பெண் போடாதீர்கள். உங்களோடு ஒரே கூரைக்குக் கீழ் இருப்பவரிடம் கொடுத்து, எதில் மாற்றம் தெரிகிறது, எதில் தெரியவில்லை என்று கேளுங்கள். அவர் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். அந்தப் பதினைந்து நிமிட மௌனமே நீடிய பொறுமைக்குப் பரீட்சை.

சாட்சி சொல்ல அழைத்தால்

சபையில் சீக்கிரமே அழைப்பார்கள், புது ஆள் சாட்சிக்கு மவுசு அதிகம். முதல் ஆறு மாதம் மறுத்துவிடுங்கள். பிறகு சொல்வதானால் ஐந்து நிமிடம். பழைய வாழ்க்கைக்கு ஒரு நிமிடத்துக்குமேல் ஒதுக்க வேண்டாம். பாவத்தை விவரிக்க விவரிக்கக் கேட்பவர்களுக்கு அது சுவாரஸ்யமாகிவிடும். மனைவியையோ அப்பாவையோ பற்றிச் சொல்வதாக இருந்தால் முந்தைய நாளே அவர்களிடம் வாசித்துக் காட்டி அனுமதி வாங்குங்கள். வேண்டாம் என்றால் அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள். நடந்ததைக் கூட்டிச் சொல்லாதீர்கள்; ஒரு முறை குடித்தவர் மூன்றாவது மேடையில் பெருங்குடிகாரராகிவிடுவதுண்டு. இன்னும் பணம் திருப்பிக் கொடுக்காத ஆள் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால், அன்றைக்குச் சாட்சி வேண்டாம். கூட்டம் முடிந்ததும் வெளியே அவரைப் போய்ப் பாருங்கள்.